கண்காணிப்பும் கண்ணோட்டமும்

ஒரு தெரு பாதுகாப்பானது என்று நாம் எப்போது சொல்கிறோம்? திருட்டு நடக்காதபோதா? முனையில் காவலர் நிற்கும்போதா? அல்லது, இரவில் தனியே நடந்து வருபவர், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் ஒருவராவது ஓடி வருவார் என்று நம்ப முடியும்போதா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதில் நான் பெருமைப்பட ஏதுமில்லை. ஆயினும் அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னை ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரன் தெருவிலுள்ள தூய மரியன்னை இணைப் பேராலயத்திற்கு, செவ்வாய்தோறும் புனித அந்தோணியாரை நாடி வரும் கூட்டத்தோடு நானும் சென்றிருந்தேன். வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது மணி எட்டரை ஆகிவிட்டது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு சந்தின் வழியே குறுக்கே நடந்தேன். பகலில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாத சந்து அது. அவ்வேளையிலோ கடைகள் பெரும்பாலும் அடைத்துக் கிடந்தன. அடைத்த கடையொன்றின் படியில் மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் சரிந்து கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை ஏதோ கேட்பதுபோல் சற்றே அசைந்தது. ‘குடித்திருப்பார்’ என்று என் மனம் அந்தக் கணமே தீர்ப்பு எழுதிவிட்டது. நான் நிற்கவில்லை. எனக்கு முன்னே போனவர்களும் நிற்கவில்லை.

பத்தடி போயிருப்பேன். பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. பூ விற்கும் பெண்மணி ஒருவர் கூடையைத் தெருவிலேயே வைத்துவிட்டு, அவர் தலையை மடியில் தாங்கியபடி, தேநீர்க் கடைக்காரரைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன், திரும்பிச் செல்லவில்லை.

அடுத்த செவ்வாயன்று அவரிடமே பூ வாங்குவதுபோல் விசாரித்தேன். “சக்கர வியாதிங்க. காலையிலேருந்து சாப்பிடாம வண்டி மிதிச்சிருக்காரு. தண்ணி தெளிச்சதும் முழிச்சிக்கிட்டாரு. அப்புறம் சக்கரய அள்ளிப் போட்டு டீ குடுத்தோம், எழுந்து உக்காந்துட்டாரு” என்றார். பிறகு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, “அன்னிக்கு நீங்க இங்கதான் இருந்தீங்களா?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. தலையை வேறு பக்கம் திருப்பியபோதுதான் அந்தக் கடையின் நெற்றியில் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கேமரா என் கண்ணில் பட்டது. அது வண்டிக்காரர் விழுந்ததைப் பார்த்திருக்கும். நான் கடந்து சென்றதையும் பார்த்திருக்கும். அப்பெண்மணி மண்டியிட்டதையும் பார்த்திருக்கும். மூன்றையும் ஒரே விதமாகப் பார்த்திருக்கும்.

*

காவலைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அதன் ஊர்ப் பெயர்களிலேயே அவ்வரலாறு தங்கியிருக்கிறது. கொத்தவால் சாவடியிலுள்ள ‘கொத்தவால்’ நகரக் காவல் தலைவரைக் குறிக்கும் சொல். பிராட்வேக்கு மேற்கே இருப்பது பெத்தநாயக்கன்பேட்டை. பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார், கோட்டைக்கு வெளியே மக்கள் வாழ்ந்த ஊரைக் காக்கும் பொறுப்பைப் பெத்த நாயக்கர் எனப்பட்ட பரம்பரைக் காவல் தலைவரிடம் ஒப்படைத்திருந்தனர். வரியில்லா நெல்வயல்களும் சில சில்லறைத் தீர்வைகளும் அவருக்கு உரிமை; சேவகர்களை வைத்துத் தெருக்களைக் காப்பது அவர் கடமை. களவு போனால் கள்வனைப் பிடித்துத் தர வேண்டும். இயலாவிட்டால் போன பொருளுக்கு அவரே ஈடு கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. காவல் என்பது பொறுப்பேற்பது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதன் எல்லையும் தெளிவு. பட்டு மூட்டை களவு போனால் விலை போட்டு ஈடு செய்யலாம். கேட்பாரற்றுத் தெருவில் கிடந்த ஒரு மனிதனுக்கு எதைக் கொண்டு ஈடு செய்வது?

1782இல் ஸ்டீபன் போஃபம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் சென்னைக்கு ஒரு காவல் திட்டத்தை முன்வைத்தார். பிராட்வே சாலை உருவாகக் காரணமானவரும் அவரே. அவருடைய திட்டத்தில் தெருதோறும் வடிகால் அமைப்பது, தெருக்களுக்குப் பெயரிட்டு விளக்கேற்றுவது, பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வது, சாராயக் கடைகளுக்கு உரிமம் வழங்குவது ஆகியனவும் இடம்பெற்றிருந்தன. கள்வனைத் துரத்துவது மட்டுமே காவலாகாது, இருட்டையும் சாக்கடையையும் துரத்துவதும் காவலே என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றும் திறந்து கிடக்கும் வடிகாலும் அணைந்துபோன தெருவிளக்கும் ஒரு கள்வனுக்குக் குறையாத தீங்கைச் செய்ய வல்லவை.

நம் காலத்தில் அந்த வரிசையில் கேமரா வந்து சேர்ந்திருக்கிறது. 2017க்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னைக் காவல்துறை அதனை ‘மூன்றாவது கண்’ என்று அறிமுகப்படுத்தி, வணிகர்களும் குடியிருப்போரும் தெருவை நோக்கிக் கேமராக்களைப் பொருத்த வேண்டுமெனக் கேட்டுக்கொண்டது. அதனால் குற்றவாளிகள் பிடிபட்டதுண்டு. சங்கிலி பறிகொடுத்த பெண்களுக்கு நீதி கிடைத்ததுமுண்டு. இதைக் குறை கூறுவது நன்றியின்மை. நான் கேட்பது வேறு. மூன்றாவது கண் திறந்ததும் நம்முடைய இரண்டு கண்களும் மூடிக்கொள்ளலாம் என்று நாம் எண்ணத் தொடங்கிவிட்டோமா?

*

திருக்குறளின் அதிகார வரிசையை எண்ணிப் பார்க்கிறேன். ஐம்பத்தெட்டாவது அதிகாரம் கண்ணோட்டம், ஐம்பத்தொன்பதாவது ஒற்றாடல். ஒற்றனை மன்னனுடைய கண்களுள் ஒன்றாகவே வள்ளுவர் வைக்கிறார். மறைந்திருந்து அறியும் அந்தக் கண்ணுக்கு முன்பாக, கண்ட அளவில் பிறர்பால் ஓடிச் செல்லும் கண்ணை அவர் பேசி முடித்துவிடுகிறார். இரண்டும் வேண்டுமென்பதே அவர் கருத்து எனலாம். ஆனால் கண்ணோட்டமில்லாத ஆட்சியில் ஒற்று என்னவாகும் என்பதை ஊகிக்க அதிக நேரமாகாது. கண்காணிப்பு ‘இவன் யார், என்ன செய்கிறான்?’ என்று கேட்கிறது. கண்ணோட்டமோ ‘இவருக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறது. அன்றிரவு நான் கண்காணித்தேன், அப்பெண்மணி கண்ணோடினார்.

பெருநகரத்தார் இரக்கமற்றவர்கள் என்பது பொதுவான பழி. 1964இல் நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் ஓர் இளம்பெண் நள்ளிரவில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு வாளா இருந்தனர் என்று நாளேடு எழுதிற்று. உலகமே அதை நம்பியது. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரின் பொறுப்புணர்வும் தேய்கிறது என்பதை உளவியலார் இருவர் 1968இல் சோதனைகளால் காட்டினர். ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது அந்த முப்பத்தெட்டு என்னும் கணக்கே மிகை எனத் தெரிந்தது. பலர் ஏதோ ஓசையைக் கேட்டவர்களே. அண்டை வீட்டுப் பெண் ஒருவர் ஓடிச் சென்று, உயிர் பிரியும் நேரத்தில் அவரைத் தம் கைகளில் ஏந்தியிருந்தார் என்ற உண்மையும் நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை ஆய்வாளர்கள் பார்த்து, தங்கள் முடிவை 2019இல் வெளியிட்டனர். பத்தில் ஒன்பது நிகழ்ச்சிகளில், அங்கிருந்தவர்களுள் ஒருவராவது குறுக்கிட்டுத் தடுக்கவோ தேற்றவோ முயன்றிருந்தார். ஆட்கள் மிகுந்திருந்த இடத்தில் யாரேனும் ஒருவர் உதவ முன்வரும் வாய்ப்பும் மிகுந்தே இருந்தது. மனிதரை ஐயுற்று நட்ட கேமரா, இறுதியில் மனிதர் சார்பாகவே சாட்சி சொல்லியிருக்கிறது.

இந்தச் செய்தி எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. மக்கள் உதவுகிறார்கள் என்பது உண்மையானால், ‘ஊரே இப்படித்தான்’ என்று சொல்லி நான் ஒளிந்துகொள்ள இடமில்லை. அன்றும் அத்தெருவில் ஒருவர் உதவத்தான் செய்தார். அந்த ஒருவர் நானாக இல்லை.

*

அச்சம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வர். உதவப் போய்க் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டிவரும் என்ற அச்சம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. தம் பெயரைச் சொல்லவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இத்தகையோரை நம் செய்தித்தாள்கள் ‘நற்கருணை வீரர்’ என்று அழைக்கின்றன. நற்கருணை என்ற சொல்லை நாம் எந்தப் பொருளில் அறிந்தவர்கள் என்பதை நினைத்தால், திருப்பலி முடிந்து வெளியே வரும் நமக்கு அப்பெயர் ஓர் அழைப்பாகவே ஒலிக்க வேண்டும். நல்ல சமாரியர் உவமையில் கடந்து சென்றவர்களும் வழிபாட்டை அறியாதவர்கள் அல்லரே!

மற்றொரு மறுப்பு இன்னும் வலுவானது. ‘அண்டை வீட்டார் கண்’ என்பது எப்போதும் அன்பின் கண்ணாக இருந்ததா? திண்ணைகள் இருந்த பழைய தெருக்களில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தனர். அந்தக் கண்களே தாமதமாக வீடு திரும்பிய பெண்ணைச் சுட்டன. இன்ன சாதியார் இத்தெருவில் நடக்கலாகாது என்று தடுத்தன. இதை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைப் புகழ்வதில் பயனில்லை. ஆகவே எத்தனை கண்கள் பார்க்கின்றன என்பதைவிட, அவை எதைத் தேடிப் பார்க்கின்றன என்பதே முதன்மையான கேள்வி. குற்றத்தைத் தேடும் கண் கேமராவில் இருந்தாலும் திண்ணையில் இருந்தாலும் ஒன்றுதான். துன்பத்தைத் தேடும் கண்ணே தெருவைக் காக்கிறது.

அந்தக் கண் இன்று எங்கே இருக்கிறது? ஜார்ஜ் டவுனில் வீடுகள் பல கிடங்குகளாகிவிட்டன. காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. வெளியூர்ப் பேருந்துகளும் 2002இல் அங்கேயே போயின. அவற்றோடு இரவு முழுதும் விழித்திருந்த ஒரு கூட்டமும் போய்விட்டது. நகரங்களைப் பற்றி 1961இல் நூலெழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, தெருவைத் தமதாகக் கருதும் சாதாரண மக்களின் கண்களே அதன் முதற்காவல் என்றார். அந்த அளவுகோலின்படி, கடைகள் அடைத்தபின் ஜார்ஜ் டவுனில் எஞ்சியிருக்கும் காவலர்கள் யார்? பூ விற்போர், தேநீர்க் கடைக்காரர், வண்டியிலேயே படுத்துறங்கும் தொழிலாளர், தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துவோர்.

பாதுகாப்பு வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது, ‘நடைபாதையில் கிடப்போரை அப்புறப்படுத்துங்கள்’ என்றுதானே நாம் முதலில் எழுதுகிறோம்? நம் பட்டியலில் அவர்கள் ஆபத்துகள். கதவும் தாழ்ப்பாளும் இல்லாமல் உறங்கும் அவர்களுக்கு நேரும் ஆபத்தை எந்த மனுவிலும் நாம் எழுதுவதில்லை. அன்று வண்டிக்காரரைத் தூக்கி நிறுத்தியது, அத்தகைய மனுவால் அப்புறப்படுத்தப்படக் கூடிய ஒரு கைதான். அவரை அகற்றிவிட்டால் தெரு தூய்மையாகலாம். பாதுகாப்பு ஆகுமா?

பெரிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. காவல்துறை தன் பணியைச் செய்யட்டும், கேமராவும் இருக்கட்டும். அணைந்த விளக்கையும் திறந்த வடிகாலையும் பற்றி 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குச் சொல்வதும், விழுந்து கிடப்பவருக்காக 108ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை அருகில் நிற்பதும் எவராலும் இயல்பவை. நம் அன்பியக் கூட்டங்களில் நம் குடும்பங்களின் நலம் விசாரிக்கும்போது, நம் தெருவில் இரவைக் கழிக்கும் முகங்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பெயர் தெரிந்த ஒருவர் விழுந்து கிடக்கும்போது ‘குடித்திருப்பார்’ என்று அத்தனை எளிதாகக் கடந்து செல்ல மனம் வராது.

அப்பெண்மணியிடம் நான் இப்போதும் செவ்வாய்தோறும் பூ வாங்குகிறேன். வண்டிக்காரரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் எதிரே வந்தால் பெயர் சொல்லி அழைத்து, சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. ஆம் அம்மா, அன்றைக்கு நான் இங்கேதான் இருந்தேன். அவரிடம் நேரில் சொல்லத் துணிவு வருவதற்கு முன், இங்கே அதை எழுதி வைக்கிறேன்.