துலக்கியவளின் பங்கு

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து, மாடிப்படிக்கு அடியில் கிடந்த அவருடைய புல்லட்டின் இன்ஜினை மெக்கானிக் பிரித்து, பாகங்களை இரண்டு பிளாஸ்டிக் டப்பில் போட்டுக்கொடுத்தார். 1984இல் வாங்கிய வண்டி. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. பஃபிங் போடக் கடையில் கேட்ட கூலி கட்டுப்படியாகாததால், நானே தேய்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் பிடித்தது. செலவு ஐநூறு ரூபாயைத் தாண்டவில்லை. இரண்டு லிட்டர் டீசல், சில வாட்டர் பேப்பர், ஒரு சின்ன டப்பா மெட்டல் பாலிஷ். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்தது: பழைய டூத் பிரஷ், தேங்காய் நார், புளி, அம்மாவின் கிழிந்த நூல் புடவை.

முதல் நாளே தப்பு செய்யப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று கிளட்ச் கவரைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அலுமினியச் சட்டியில சோடா போட்டா கறுத்துப்போவும். இது மட்டும் என்ன வேற அலுமினியமா?" உண்மைதான். காரம் அலுமினியத்தை அரிக்கும். டீசலில் ஊறவைத்துப் பிசுக்கை எடுத்து, சோப்பில் கழுவி, புளித்தண்ணீரால் மேல்கறையைப் போக்கி, உடனே அலசித் துடைத்தோம். பிறகு 400, 800, 1000 என்று படிப்படியாக வாட்டர் பேப்பர். ஒரு பேப்பர் போட்ட கீறல் முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். கடைசியில் பாலிஷும் புடவைத் துணியும். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை ஓர் இரவு ஊறவைத்து மூங்கில் சிம்பால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும்.

எல்லாவற்றையும் பளபளப்பாக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பாகங்கள் சேரும் முகத்தில் கண்டபடி பேப்பர் போட்டால் மட்டம் கெட்டு எண்ணெய் கசியும். சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். எண்ணெய் தங்குவதே அந்தக் கோடுகளில்தான். கண்ணாடிபோல் தேய்த்துவிட்டால் எண்ணெய் நிற்காது. ஆகவே சுத்தம் செய்வது என்பது அழுக்கை நீக்குவது மட்டுமல்ல. எதை எடுப்பது, எதை விடுவது, எந்தப் பொருளுக்கு எது ஆகாது என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுப்பது. அந்த அறிவில் பாதியை அம்மா சமையலறையிலிருந்து எனக்குக் கொடுத்தார்.

பாகங்களைத் திருப்பிக் கொண்டுபோனபோது மெக்கானிக் கேட்டார்: "எந்தப் பட்டறையில குடுத்தீங்க?" வீட்டில்தான் என்றதும், "கைத்திறமைக்கா உங்களுக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு திரும்பும்போது அதே பெருமை உறுத்தியது. நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் அம்மாவிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? அதே புளி, அதே கை. இன்ஜினைத் தொட்டால் திறமை, விளக்கைத் தொட்டால் கடமை.

வண்டி ஓடத் தொடங்கிய வாரம் அண்ணன் வந்தான். ஆர்சி புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்ற 31ஆம் படிவம் கொண்டுவந்திருந்தான். மற்ற வாரிசுகளான அம்மாவும் நானும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். "தேய்ச்சதுதானே பாப்பா? அதுக்கு வேணா காசு குடுத்துடறேன்."

அந்தத் 'தானே' என்ற சொல்லில்தான் என் கேள்வி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக், ஒருவர் தன் உழைப்பை எதனோடு கலக்கிறாரோ அது அவருடையதாகிறது என்று வாதிட்டார். ஆனால் அதே இடத்தில், தன் வேலையாள் வெட்டிய புல்கரணையையும் தன்னுடையது என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார். சிலருடைய உழைப்பு உரிமையாகிறது. சிலருடைய உழைப்பு இன்னொருவரின் உரிமைக்குள் கரைந்துவிடுகிறது. தோண்டினால், கட்டினால், வாங்கினால் பங்கு உண்டு. துடைத்தால் கிடையாது. துடைப்பது புதிதாக எதையும் உண்டாக்குவதில்லையாம். துடைக்காமல் விட்ட இன்ஜின் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தக் கணக்கைத் திருத்தியது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு. அவள் வேலை இல்லாமல் அவன் சம்பாத்தியம் சாத்தியமாகியிருக்காது என்றது. அது கணவன் இறந்ததால் கிடைக்கும் வாரிசுப் பங்கு அல்ல, உழைத்ததால் உண்டான பங்கு.

இங்கேதான் என் நியாயம் என்னையே மடக்கியது. மூன்று வார உழைப்புக்கு வண்டியில் எனக்கு ஒரு சொல் உண்டென்றால், நாற்பது வருட உழைப்புக்கு இந்த வீட்டில் அம்மாவுக்கு என்ன உண்டு? பத்திரம் அப்பா பெயரில். அம்மா தினமும் துலக்கும் பாத்திரங்களில்கூட வெட்டியிருப்பது அப்பாவின் பெயர்தான். என் வாரங்களை எண்ண எனக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. அவர் வருடங்களை நான் எண்ணியதே இல்லை. அண்ணனின் 'தானே'வை நானும் இத்தனை காலம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லாமல்.

அண்ணனிடம் சொன்னேன்: வண்டியை நீயே ஓட்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதலில் வீட்டைப் பற்றிப் பேசுவோம், அம்மாவையும் உட்காரவைத்து. அவன் முகம் மாறியது. "எதுக்குடி வீண் வம்பு?" என்றார் அம்மா. ஆனாலும் எழுந்து போகவில்லை. புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்துவிட்டு, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.