அந்தக் கை அப்புறம் என்ன ஆச்சு?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேதராப்பட்டு வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ பார்த்தேன். 2014இல் வந்த படம். ஏ.ஆர். ரஹ்மான் இசை என்பதால் போட்டேன். இந்தியாவில் ஒரு போட்டி வைத்து, வேகமாகப் பந்து எறியும் இரண்டு பையன்களைக் கண்டுபிடித்து, அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் பேஸ்பால் பிட்சர் ஆக்குகிற கதை. பிட்சர் என்றால் நம்ம ஊர் பௌலர் மாதிரிதான். ஆனால் ஓடி வர மாட்டார். நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி எறிவார். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் கிடைக்கிறது, எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், படம் முடிந்துவிடுகிறது.

அப்பாவுக்கு பேஸ்பால் தெரியாது. ரிமோட்டை இடது கையால் என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார். “சரி, அந்தக் கை அப்புறம் என்ன ஆச்சு?”

பையன்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

படத்தில் வருவது நிஜக் கதை. ரிங்கு சிங், தினேஷ் படேல். (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு ஆள்.) இருவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள். 2008இல் ஜெயித்த அந்தப் போட்டிக்கு வரும்வரை பேஸ்பாலைத் தொட்டதுகூட இல்லை. அதே வருஷம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009இல் அதன் கீழ்மட்ட அணிக்காக ஃபுளோரிடாவில் ஆடினார்கள். அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2010இல் தினேஷை அணி விடுவித்தது, அவர் ஊர் திரும்பினார். இடது கைக்காரரான ரிங்கு இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்தார். 2012 அவருக்கு நல்ல வருஷம். அடுத்த வருஷம் முழங்கை போய்விட்டது. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி காயம். மேல்மட்ட லீகில் ஒரு பந்துகூட எறியாமலே அவருடைய பேஸ்பால் வாழ்க்கை முடிந்தது. 2018இல் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்துக்குப் போனார்.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். “முழங்கைதானே? நினைச்சேன்,” என்றார்.

முழங்கையின் உள்பக்கம் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் ஒரு ஜவ்வு இருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் ஒரு பந்தை எறியும்போது முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. சுற்றியுள்ள தசைகள் பங்குபோட்டுக்கொள்வதால்தான் அது அறாமல் இருக்கிறது. தசை களைத்துப்போனால் ஜவ்வு தனியாகிவிடும். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் அது கிழிந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய இன்னொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இந்த முழங்கையில் துளை போட்டுக் கட்டினார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர்தான்.

அதற்கு எட்டு வருஷம் முன்னால் சாண்டி கூஃபாக்ஸுக்கு இந்த வழி கிடையாது. 1966இல் 27 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த பிட்சர் என்றார்கள். முழங்கையில் மூட்டுவாதம். ஊசி போட்டுக்கொண்டு எறிந்தார். அந்த நவம்பரிலேயே, 30 வயதில், போதும் என்று அறிவித்துவிட்டார். ஆட்டத்துக்கு அப்புறம் நிறைய வருஷம் வாழ வேண்டியிருக்கிறது, அதை முழு உடம்போடு வாழணும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு காரியத்துக்காக உடம்பைச் செலவழிக்கலாமா? நம் ஊரில் இதற்கு ரெடிமேட் பதில் உண்டு. செலவழித்து ஜெயித்தால் தியாகம், செலவழித்துத் தோற்றால் முட்டாள்தனம். இந்தக் கணக்கில் ரிங்கு முட்டாளாகிவிடுவார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கையைச் செலவழிக்காமல் வாழ்ந்த மனுஷன் எவனும் இல்லை. செலவு போகட்டும், அதை யார் எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள் என்பதில்தான் தப்பும் சரியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேஸ்பாலில் எண்ணுகிறார்கள். ஒரு ஆட்டத்தில் சுமார் 100 பந்து ஆனதும் பிட்சரை வெளியே கூப்பிட்டுவிடுவது இன்று சாதாரண வழக்கம். பிறகு நாலைந்து நாள் ஓய்வு. இது அன்பு இல்லை, அந்தக் கையின் விலை. இத்தனை எண்ணியும் முழங்கைகள் கிழிந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் எண்ணிக்கை ஒன்று இருக்கிறது, அது கையின் பக்கம் நிற்கிறது.

இப்போது அப்பாவின் கை. சேதராப்பட்டில் பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அப்பா 9 வருஷம் ஒரு சின்னப் பட்டறையில் ஹேண்ட் பிரஸ் ஓட்டினார். மேலே இரும்புக் குண்டு மாட்டிய ஒரு நீளக் கைப்பிடி. அதை வீசி இழுத்தால் திருகு இறங்கி, தகட்டில் ஒரு துளை விழும். அது ஒரு பீஸ். கூலி பீஸ் கணக்கில். அதனால் அப்பாவே ஒரு நோட்டில் தினமும் எழுதி வைப்பார். 1,900. 2,150. 2,000. நான் இன்ஜினியர் புத்தியோடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 50 லட்சம் இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் ஒரு பிட்சரின் வீச்சுக்குச் சமம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்று அவருடைய வலது கை தோளுக்கு மேலே போகாது. சட்டையை இடது கைதான் மாட்டிவிடும்.

அவரும் எண்ணினார், ஆனால் பீஸை. கையை எண்ண அங்கே ஆள் இல்லை. விலை இல்லாத கையை யார் எண்ணுவார்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு விஷயத்தைப் படிக்கும்வரை. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் 2007இல் ஒரு விதி வந்தது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது. அந்தப் பிள்ளைகளின் கைக்குச் சந்தையில் ஒரு விலையும் கிடையாது. யாரோ வேண்டும் என்று நினைத்தார்கள், எண்ண ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் எண்ணாமல் இருப்பதும் யாரோ எடுத்த முடிவுதான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. “எண்ணி நிறுத்தியிருந்தா நீ காலேஜ் போயிருப்பியா? அந்தக் கைதான்டா உன்னைப் படிக்க வச்சுது. நான் ஒண்ணும் ஏமாந்து போகல.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தெரிந்துதான் கொடுத்தார். அதை அநியாயம் என்று மட்டும் சொன்னால் அவர் கொடுத்ததை நான் அவமதிக்கிறேன். தியாகம் என்று மட்டும் சொன்னால் அந்தப் பட்டறையை நான் மன்னித்துவிடுகிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூஃபாக்ஸ் உச்சத்தில் இருந்ததால் தானே எண்ணி நிறுத்த முடிந்தது. அப்பா நிறுத்தினால் அடுத்த வாரம் அரிசி இல்லை. சம்மதம் என்று நாம் சொல்லும் சொல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், எடை வேறு.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு வருஷம் முன்னால் ஒரு குடோனுக்கு மென்பொருள் எழுதினோம். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி எடுக்கிறார் என்று திரையில் காட்டும். குறைந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பை எழுதியது நான். நேரத்துக்கு முடித்ததற்குப் பாராட்டும் வாங்கினேன். அதை எழுதும்போது அப்பாவின் நோட்டு ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

போன மாதம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுல கை வலின்னு போட எடம் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “என் நோட்டுல இருக்கு பாரு,” என்றார்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன். எண்களை மட்டும் கூட்டிய அவசரத்தில் நான் கவனிக்காமல் தாண்டிய வரிகள். 9 வருஷத்தில் 31 நாட்கள். தேதிக்கு எதிரே எண் இருக்காது. “கை” என்று ஒரே ஒரு சொல்.

அலுவலகத்தில் அந்தத் திரையில் இன்னொரு பத்தி சேர்க்கலாமே என்று எழுதிக் கேட்டேன். ஓய்வு நேரம், தூக்கிய மொத்த எடை, வலி இருந்தால் பதிய ஒரு பொத்தான். வாடிக்கையாளர் அதற்குக் காசு தர மாட்டார் என்று பதில் வந்தது. இந்த வாரம் மறுபடி கேட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்தத் திரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.