உத்தரவு வரும்வரை

மனம் சரியில்லாதவரை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்து வரும் குடும்பம் உடனே திரும்புவதில்லை. அங்கே அடங்கியிருக்கும் பாதுஷா நாயகம் கனவில் வந்து 'உத்தரவு' தரவேண்டும். அதுவரை அங்கேயே தங்கல், சிலருக்கு மாதக்கணக்கில். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக் குடும்பங்களும் ஏராளம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த தனியார் காப்பகமொன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைக்கவே கூடாதென்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.

சங்கிலியைக் கண்டித்து எழுதுவது எளிது. மகனைத் தூணில் கட்டிவிட்டுக் கூலிக்குப் போகும் தாயைப் பற்றி எழுதத்தான் கை வருவதில்லை.

வயதுவந்த பெண் ராத்தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேசினால், எங்கள் தெருக்களில் முதலில் ஹஜ்ரத்திடம்தான் போவார்கள். ஓதி ஊதிய தண்ணீர், தாயத்து. 'ஜின் கோளாறு' என்று கேட்டதும் வீட்டாருக்கு ஒரு நிம்மதிகூட உண்டு: பிள்ளை மேலும் தப்பில்லை, வளர்ப்பு மேலும் தப்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தாலோ, தங்கைக்கும் வரன் வராது. 'ஈமான் பலமா இருந்தா மனசு தளருமா?' என்று கேட்க ஒருவர் இருப்பார். முக்காட்டோடு போய் உட்கார்ந்தால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் வேறு.

குஜராத்தில், உனாவாவின் மீரா தாதர் தர்காவில் 'தவா–துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்றொரு ஏற்பாடு. தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களுக்கே நோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்; அவர்கள் ஓதிவிட்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த முறை ஏர்வாடிக்கும் வந்தது. மூடநம்பிக்கையோடு சமரசம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்குண்டு. இருக்கட்டும். 'துஆ செய்றேன், மாத்திரையும் போடும்மா' என்று தர்கா லெப்பை சொன்னால் மாத்திரை தொண்டையில் இறங்கும். டாக்டர் மட்டும் சொன்னால் தலையணைக்கடியில் கிடக்கும்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடப்பது. உத்தரவு கிடைத்து ஊர் திரும்புகிறார்கள். மாத்திரை அட்டை தீர்கிறது. 'இப்பத்தான் நல்லாயிருக்காளே' என்று நிறுத்திவிடுகிறார்கள். 2022இல் அரசு தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையில் அந்தப் பெண் எங்கே நின்று பேசுவாள்? அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்பதும் தெருவில் யாருக்கும் தெரியாது. மௌத் அறிவிப்பையும் நிக்காஹ் அறிவிப்பையும் சொல்லும் பள்ளிவாசல் மைக்கில், ஜும்ஆ முடிந்ததும் அந்தக் கிழமையையும் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?