பயிற்சியின் பலன் யாருக்கு?

தெஹியோவிட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடமாகப் பால் வெட்டும் பெண் ஒருவர், சென்ற வருடம் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். ஐந்து நாள் பயிற்சி, அவர் பெயர், திகதி, கீழே ஒரு கையெழுத்து. எல்லாம் சிங்களத்தில். வாசித்துத் தமிழில் சொன்னேன். "இதக் காட்டுனா சம்பளம் கூடுங்களா, சேர்?" என்று கேட்டார். கூடாது என்று எனக்குத் தெரியும். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சின்னப் பொய் பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் கற்றதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இறப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்க வைக்கும் மெல்லிய படை ஒன்று உண்டு. தேர்ந்த கை அந்தப் படைக்கு ஒரு மில்லிமீற்றர் இப்பால் நின்றுவிடும். கத்தி அதைத் தொட்டுவிட்டால் காயம். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஏழெட்டு வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்ட வருகிறவருக்குக் கத்தி ஓடாது. ஆகவே நல்ல வெட்டின் இலாபம் இன்றைய வாளியில் தெரியாது. வருடங்கள் கழித்தே தெரியும்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. ஆழ வெட்டினால் இன்று பால் கூட. மேலதிகக் கிலோவுக்குக் காசு கொடுக்கும் இடத்தில், மரத்தைக் காயப்படுத்துகிறவர் கூடுதலாக வாங்குவார். பயிற்சியில் சொன்னபடி கையை அடக்கி வெட்டுகிறவர் குறைவாக வாங்குவார். நாட்சம்பளமோ கையின் தேர்ச்சியைப் பார்ப்பதில்லை. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும், நேற்றுச் சேர்ந்தவருக்கும் முப்பது வருடக் கைக்கும் ஒரே தொகைதான்.

கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். எங்கும் பயன்படும் திறனை ஒருவர் கற்றால் அதன் பலன் அவருக்கே சேரும். ஏனெனில் கூலி போதாதென்றால் வேறிடம் போய்விடுவார். எனவே முதலாளி அதற்குச் செலவு செய்யத் தயங்குவார். பால்வெட்டு அப்படிப்பட்ட திறன்தான். சிற்றுடைமையாளர்களின் இறப்பர்த் தோட்டங்கள் சுற்றிலும் இருக்கின்றன; பாதிப் பங்குக்கு வெட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பெண் எங்கே போவார்? அவர் குடியிருக்கும் லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரை பற்றிய பயம். பெக்கரின் தொழிலாளிக்குக் கால்கள் இருந்தன. இவருடைய கால்களோ அந்த லயத்தில் கட்டுண்டு கிடக்கின்றன.

பயிற்சிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கூலியை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இவருக்கு நேரே பூச்சியம் விழும். பயிற்சியால் பயனில்லை என்று முடிவும் எழுதப்படும். பலன் பிறக்கவில்லையா, பிறந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டதா என்று அந்தக் கட்டம் கேட்காது.

அறிவே ஒரு பலன்தானே என்று சொல்லலாம். பாடசாலை விழாக்களில் நானும் சொல்லியிருக்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு அது சுலபமான பேச்சு. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று வந்த எனக்குச் சம்பளப் படி கூடியது. என் மாணவர்கள் அதனால் கூடுதலாகப் படித்தார்களா என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டே அவரிடம் 'அறிவே செல்வம்' என்று சொல்ல என் நா எழவில்லை.

பங்கு என்ற வழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் காணிக்காரருக்கும் நீரிறைக்கும் இயந்திரக்காரருக்கும் மண் தோண்டுகிறவருக்கும் தனித்தனிப் பங்குண்டு. தோட்டக் கம்பனிகளும் சில வருடங்களாக வருமானப் பகிர்வு பற்றிப் பேசுகின்றன. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பங்கு என்றால் மழையிலும் பங்கு. தோட்டத்துச் சந்தியில் வாப்பா கடை வைத்திருந்த காலத்தில், மே, ஜூன் மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் கடன் கொப்பி தடித்துப்போகும். பட்டை நனைந்தால் வெட்டில்லை. அந்த நட்டத்தைத் தாங்கக் கையில் எதுவுமில்லாதவர் தலையில் பாதியைக் கட்டுவதை நியாயம் என்று நான் ஒப்பமாட்டேன். திறனுக்கென்று நாட்சம்பளத்தின் மேல் நிலையான ஒரு படி, ஆசிரியருக்குக் கிடைத்தது போல, ஏன் இருக்கக் கூடாது? மரத்துக்கு மரம் வெட்டின் ஆழத்தைச் சோதித்துக் குறை பிடிக்க முடிகிறதென்றால், நிறைவைப் பிடித்துக் கூலி கொடுக்கவும் முடியும்.

தேசிய தொழிற்தகைமை முறை 2004இல் வந்தது. முன்பே கற்றுவைத்த திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் வழியும் அதில் உண்டு. அதைச் சொன்னேன். சிரித்தார். "முப்பது வருசமா வெட்டுனதுக்குப் பரீட்ச வேறயா, சேர்?"

போன மாதம் மறுபடி வந்தார். சம்பளம் கூடாது என்று இம்முறை உள்ளதைச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. பிறகு தன் மலையில் மூன்று வருடத்துக்கு முன் வெட்டிய பட்டை ஆறி வரும் விதத்தைச் சொன்னார். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாராம், முடிச்சு ஒன்றுமில்லையாம். "அது திரும்ப வெட்டுக்கு வர்றப்ப நான் வேலயில இருக்க மாட்டேன்" என்றார். சான்றிதழைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.