புதைக்க ஒரு துண்டு நிலம்



மரித்தோரை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில் ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எபிரோனில் சாரா இறக்கிறாள். கணவர் ஆபிரகாமோ அந்த ஊரார் அல்லர், பிழைக்க வந்த அந்நியர். எங்கள் கல்லறைகளில் நல்லதொன்றில் அடக்கம் செய்துகொள்ளும் என்று ஊரார் தாராளமாகவே சொல்கிறார்கள். அவர் இணங்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் 400 சீக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, மக்பேலா நிலத்தைச் சொந்தமாக்கிய பின்பே மனைவியைப் புதைக்கிறார்.

கலஹா மலைகளில் வாழும் நமக்கு இந்த அதிகாரம் புரியாமற் போகாது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892-இல் அவர் இறந்தபோது தொழிலாளரே முறை மாற்றித் தோள்கொடுத்து உடலைக் கண்டிக்குக் கொண்டுவந்தனர் என்பர். மஹியாவ மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல் இன்றும் நிற்கிறது. சுமந்து வந்தவர்களுக்குக் கல் வைத்தவர் யார்?

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயத்துக்கு லயம் ஆள் போய் இழவு சொல்லும். தப்பு முழங்கும். உறவினர் கோடி கொண்டுவருவர். நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிலும் செபமாலையோடு தப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. இதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. அடக்கச் சடங்கு அந்தந்த நாட்டின் மரபுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்று 1963-இலேயே வத்திக்கான் சங்கம் கூறிவிட்டதே! தப்படிப்பவரைத் தள்ளி நிறுத்துகிறோமே, முகம் சுளிக்க வேண்டியது அதற்குத்தான். (கடன் வாங்கிப் பந்தி வைப்பதைப் பிறிதொரு வாரம் பேசலாம்.)

என் கவலையெல்லாம் குழி மூடிய பிறகு நடப்பதைப் பற்றியே. மண்மேடு சில மழைக்காலங்களில் கரைந்துவிடுகிறது. மரச்சிலுவை கறையானுக்குப் போகிறது. நிலமோ புதைப்பவருடையது அன்று. வெள்ளைக்காரக் கம்பெனி போய் 1975-இல் அரசு வந்தது. 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. 1948-இல் பறிபோன குடியுரிமைகூட 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. பெற்றோரைப் புதைத்த மண்ணுக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோர் கையில் உறுதி இல்லை.

கென்யாவும் தேயிலை நாடுதான். அதன் மேற்கே வாழும் லூயா மக்கள் நகரத்தில் இறந்தவரையும் ஊருக்குக் கொண்டுவந்து சொந்த வளவிலேயே அடக்கம் செய்வது மரபு. லயத்து அறையில் பிறந்தவனுக்கு வளவு ஏது?

"ஆண்டவரே பிறர் கல்லறையில்தானே வைக்கப்பட்டார், நமக்கு ஏன் இந்தக் கவலை?" என்று கேட்கலாம். உண்மைதான், அது அரிமத்தியா சூசையின் கல்லறை. ஆனால் அவரை எங்கே வைத்தார்கள் என்பதைப் பெண்கள் பார்த்து வைத்துக்கொண்டதாக மாற்கு எழுதுகிறார். இடம் தெரிந்திருந்ததால்தான் மூன்றாம் நாள் விடியலில் அவர்களால் அங்கே போக முடிந்தது.

ஆகவே இந்த மாதத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள். அடக்கத்தின்பின் மரணப் பதிவேட்டில் பெயரைப் பதியவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பாட்டன் பாட்டி இறந்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்தாலும் பங்கு அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். கிடைத்த பெயரையும் ஆண்டையும் ஒரு சிமெந்துச் சிலுவையில் எழுதி நட்டுவையுங்கள். மயானத்துக்கு எல்லைக்கல் நட்டு, அதை மயான நிலமென்று ஒதுக்கித் தரும்படி தோட்டத் தலைவர்மாரும் பங்குத் தந்தையும் சேர்ந்து துரையிடம் எழுத்தில் கேட்கட்டும். இந்துச் சகோதரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெற்றோரும் அதே சரிவில்தான் கிடக்கிறார்கள். கடிதத்தின் பிரதி ஒன்று பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும்.