புதைத்தவன் பக்கம்

புதையல் தேடும் படங்களில் புதைத்தவன் ஏன் எப்போதும் செத்துப்போயிருக்கிறான்? கதைச் சௌகரியம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவன் உயிரோடிருந்தால் தேடுகிறவன் திருடனாகிவிடுவான். நாமும் அவன் பின்னால் குதிரையேற முடியாது.

ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி 1975இல் வந்த 'எங்க பாட்டன் சொத்து' படத்தை இலுப்பூர் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். ஜெய்சங்கர், சிவகுமார், குதிரைகள், புழுதி. சிக்கனமான கௌபாய் படம். கலை என்று அதைத் தூக்கிப் பிடிக்கும் உத்தேசம் எனக்கில்லை. (குதிரைகள் ஓடுகிற அழகுக்குக் கதை ஈடுகொடுக்கவில்லை.) ஆனால் தலைப்பு கவனிக்க வேண்டியது. செர்ஜியோ லியோனியின் 1966ஆம் வருஷத்துப் படத்தில் மண்ணுக்கடியில் இருப்பது இரண்டு லட்சம் டாலர், உள்நாட்டுப் போரின் ராணுவப் பணம். சென்னையில் ஓடோ ஓடென்று ஓடிய 'மெக்கன்னாஸ் கோல்ட்'டில் அபாச்சே மக்களின் தங்கம். அங்கே பேராசைக்குப் பேராசை என்றே பெயர். நமக்கு அது ஆகாது. முதலில் பாத்தியதை வேண்டும். 'பாட்டன்' என்ற ஒரு சொல்லில் வேட்டை பிதுரார்ஜிதமாகிவிடுகிறது. ஆசைக்கு ஒரு பட்டா. 2010இல் சிம்புதேவன் இந்தப் படங்களைக் கேலியும் பிரியமுமாக 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்று திருப்பி எடுத்தபோதும் புதையலை விட முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இது வெறும் சினிமா அல்ல. 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரைக்குமான காசுகள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளிவெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு உளியைவிடப் பானைதான் முக்கியமாகப் படுகிறது. அத்தனை பொன்னையும் பானையிலிட்டு மண்ணைத் தள்ளியவன், அடையாளத்துக்கு ஏதோ ஒரு மரத்தையோ மேட்டையோ பார்த்துவைத்துக்கொண்டுதான் போயிருப்பான். வரவில்லை. நோயோ, கடலோ, கத்தியோ. அவன் வராமல் போனதைத்தான் நாம் அதிர்ஷ்டம் என்கிறோம்.

சட்டம் இதில் கூச்சப்படுவதில்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் இல்லையென்று தீர்ந்து, இருவருக்குள் வேறு ஏற்பாடும் இல்லையென்றால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. பங்கு போடுவதற்கு இது நல்ல கணக்கு. ஆனால் எடுப்பதற்கென்று ஒளித்ததும், எடுக்கவே கூடாதென்று வைத்ததும் ஒன்றா?

லியோனி படத்தில் பணம் கிடப்பது கல்லறைத் தோட்டத்தில். முதலில் தோண்டுவது தவறான குழி, உள்ளே எலும்புக்கூடு. பார்க்கிறவன் ஏமாற்றத்தில் உச்சுக் கொட்டுகிறான். அந்தக் குழியை யாரும் திரும்ப மூடுவதில்லை. மூடவேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை. அந்த எலும்புக்கூட்டுக்கும் ஒரு பாட்டன், ஒரு பேரன் உண்டு என்பது அந்த நேரத்தில் யார் நினைவிலும் இல்லை.

சித்தன்னவாசல், அன்னவாசல் சுற்றிலும் கல்வட்டங்களும் தாழிகளும் இருக்கின்றன. தங்கம் இருக்குமென்று கடப்பாரை போட்டவர்கள் உண்டு. கிடைப்பது எலும்பு, கறுப்பு சிவப்பு ஓடு. எரிச்சலில் உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிணறு வெட்டுகிறவர், இரண்டு நாள் வேலைக்குப் பிறகு ஒரு தாழி வாயைத் திறந்தார். கையைவிட்டுத் துழாவவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, நாலு கஜம் தள்ளி நூல் பிடித்தார்.

"ஏன்ணே, உள்ள என்ன இருக்குன்னு பாக்கலியா?" என்றேன்.

"ஒளிச்சு வச்சதுன்னா பாத்திருப்பேன் தம்பி. இது படுக்க வச்சதுல்ல" என்றார்.

நிலத்துக்காரர் அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுக்கவில்லை. குழியை மூடச் சொன்னது யார் என்று கேட்டாராம்.