அறிதலும் எண்ணமும்

கருவிலிருக்கும் சிசுவின் நிலையை அறிய, தாயின் வயிற்றில் ஊசி செலுத்திக் கருப்பை நீரையோ நச்சுக்கொடியின் துணுக்கையோ எடுத்துச் சோதிப்பது வழக்கம். இதனால் கருச்சிதைவு நேரும் அபாயம் சிறிதேனும் உண்டு. ஆகவே பெற்றோர் பலமுறை எண்ணிய பின்னரே இதற்கு இசைந்தனர்.

சிசுவின் உயிரணுக்கள் தாயின் இரத்தத்தில் உலவுகின்றன என்பதை 1969-இல் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். அவை மிக அரியவை, பிரித்தெடுப்பதும் கடினம். 1997-இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும், தாயின் இரத்த நீரில் சிசுவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதைக் கண்டனர். அதன் பயனாக இன்று தாயின் கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தமே, மங்கோலிசம் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட டவுன் நோய்க்குறி போன்றவற்றைக் குறித்து முன்னறிவிப்புத் தருகிறது. ஆயினும் அது முடிந்த தீர்ப்பன்று. ஊசிச் சோதனையால் உறுதி செய்யப்படவேண்டிய ஐயமே ஆகும்.

உடலுக்கு ஊறில்லாத சோதனை நல்லதே. ஆனால் உள்ளத்திற்கும் ஊறில்லை என்று கூறிவிட இயலுமா? முன்பு அபாயம் நம்மைச் சிந்திக்க வைத்தது. அபாயம் நீங்கிய இன்று, சிந்திக்கும் கடமை முழுவதும் நம்மையே சார்கிறது. செயலின் நன்மை தீமைகளை எண்ணமே நிர்ணயிக்கிறது என்பது பகவன் புத்தரின் போதனை. எனவே, "எதன் பொருட்டு அறிய விழைகிறோம்?" என்று இரத்தம் கொடுக்குமுன்பே நம்மை நாம் வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

பெண் சிசுவை விலக்கும் பொருட்டு அறிதல் கொடுமை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கிறது. எனினும், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் தொகை, 2001-இல் 927 ஆகக் குறைந்தது. மகள் பிறந்தாளென்று வருந்திய கோசல மன்னன் பசேநதிக்கு, மகனினும் மேம்பட்டவளாக மகள் விளங்கக்கூடும் என்று பகவர் தேறுதல் கூறினார். அம்மொழி இன்றும் நம் இல்லங்களுக்குத் தேவைப்படுகிறது.

கொடிய பிணியைப் பற்றிய செய்தி கேட்டுக் கலங்கும் பெற்றோர் நிலை வேறு. உயிரைக் கொல்லாமை நமது முதற்சீலம். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர்கள் துயரின் பாரத்தைச் சுமக்காத நாம், அவர்களை இகழவும் உரிமையற்றவர்கள். குறையுடன் பிறக்கும் குழந்தையைத் தாங்கும் சமூகமாக நாம் அமைந்தால், அவர்தம் அச்சத்தில் ஒரு பகுதியேனும் குறையும்.

பிறப்பைக் கொண்டு தாழ்வாக மதிக்கப்பட்ட மக்கள் நாம். பிறக்குமுன்பே ஓர் உயிரின் மதிப்பைத் தீர்மானிக்க நாம் விரைதல் தகுமோ?